எடுபிடி வேறு, பொறுப்பு வேறு: கோடை லீவில் பிள்ளைகளும் வீட்டு வேலையும்

பையனுக்கு 11 வயது, பெண்ணுக்கு 8. கும்பகோணம் பக்கம் வீடு. பின்னால் கொல்லை, இரண்டு தென்னை, ஒரு வேம்பு, கொஞ்சம் பூச்செடி. நீங்களும் கணவரும் வேலைக்குப் போகிறீர்கள், வீட்டில் மாமியார் இருக்கிறார். லீவு விட்டுப் பத்து நாளாகிறது. கொல்லையைக் கூட்டச் சொன்னால் "இதோ வரேம்மா" என்ற குரல் மட்டும் வருகிறது, ஆள் வருவதில்லை. ஒரு வேலைக்குப் பத்து ரூபாய் என்று பேசிப் பார்த்தீர்கள். நாலு நாள் ஓடியது, ஐந்தாம் நாள் "இருபது குடு" என்கிறான். மாமியாரோ "ஆம்பளப் பிள்ளை கையில விளக்குமாத்தைக் குடுக்காதே" என்கிறார். தினமும் கத்தாமல் இவர்களை எப்படி வேலைக்குப் பழக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் 33 வருஷம் நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். இப்போது ஓய்வு. ஒவ்வொரு மே மாதமும் பேரன் பேத்தி நாலு பேர் வந்து இறங்கிவிடுவார்கள். ஆகவே பள்ளிக்கூடத்தில் பார்த்ததையும் வீட்டில் பட்டதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, பிள்ளைகளை எதற்கெல்லாம் கூப்பிடுகிறீர்கள் என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். நான் அப்படிப் போட்டுப் பார்த்தபோது சாயங்காலத்துக்குள் 17 கோடு விழுந்திருந்தது. "அந்தக் கிண்ணத்தை எடு", "கேட்டைச் சாத்து", "கறிவேப்பிலை ரெண்டு கொத்து பறிச்சிட்டு வா", "தாத்தாவைச் சாப்பிடக் கூப்பிடு". பதினேழில் ஒன்றுகூட அந்தப் பிள்ளையின் வேலை இல்லை. எல்லாமே என் வேலையின் துண்டு துணுக்கு. இதற்குப் பெயர் எடுபிடி. பெரிய ஆள் ஒருவருக்கு இப்படி ஒரு நாள் எடுபிடி வேலை கொடுத்தாலே எரிச்சல் வரும். விளையாட்டின் நடுவிலும் கதைப் புத்தகத்தின் நடுவிலும் இழுத்தால் பிள்ளை "இதோ வரேன்" என்றுதான் சொல்லும். அதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பொறுப்பு என்பது வேறு. அதற்கு ஆரம்பமும் முடிவும் உண்டு, அது நடக்காவிட்டால் வீட்டில் ஏதாவது ஒன்று நிற்கும், செய்தவர் பேர் வெளியே தெரியும். "கொல்லையைக் கூட்டு" என்பது எடுபிடி. "வேப்ப மரத்தடி உன்னுடையது. அங்கே விழுகிற சருகெல்லாம் தென்னைக்குப் போக வேண்டும். எப்படிச் செய்வாய், எத்தனை நடை ஆகும் என்று நீயே பார்த்துக்கொள்" என்பது பொறுப்பு. சொல்கிற வார்த்தையை மட்டும் மாற்றினால் போதாது. நிஜமாகவே அந்த இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். பெற்றவர்களுக்குக் கஷ்டமாக இருப்பது இதுதான்.

இந்தக் கூழ் வடகக் கதையைக் கேளுங்கள். போன வருஷம் மூத்த பேரன் வந்தபோது அவனுக்கும் 11 வயது. விடியற்காலை 5 மணிக்கு அடுப்பில் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பச்சரிசி மாவு, கொஞ்சம் ஜவ்வரிசி, அரைத்த பச்சை மிளகாய், பெருங்காயம். கூழ் வெந்து கண்ணாடி மாதிரி வரும்போது கைவிடாமல் கிளற வேண்டும், அது அவனுக்கு வேண்டாம். கொதிக்கிற கூழ் ஒரு சொட்டுத் தெறித்தாலும் தோல் உரிந்துவிடும். மாடியை அவனிடம் விட்டேன். பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து, சுருக்கமில்லாமல் விரித்து, நாலு மூலைக்கும் கல் வைப்பது அவன் வேலை. கூழ் ஆறி, கை பொறுக்கிற சூடு வந்ததும் எலுமிச்சம்பழம் பிழிந்து பாத்திரத்தை மேலே கொண்டுபோனேன். ஒரு கரண்டி நான் ஊற்றிக் காட்டினேன், அடுத்தது அவன். முதல் வரிசை எல்லாம் கோணல் மாணல், ஒன்று தோசை அளவு, ஒன்று பொட்டு அளவு. வாயைத் திறக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மூன்றாவது வரிசையில் அவனே கரண்டியைப் பாதியாக நிரப்பினால் ஒரே அளவாக வரும் என்று கண்டுபிடித்துவிட்டான். வரிசைக்கு 12 என்று கணக்கு வைத்துக்கொண்டான்.

காக்காய்க் காவலுக்குச் சின்னவள். கறுப்புக் குடையை விரித்துத் துணிக்குப் பக்கத்தில் நட்டுவைத்துவிட்டு, அவள் மாடிப்படி நிழலில் உட்கார்ந்துகொண்டாள். எட்டரை மணிக்கு மேல் தளம் காலைச் சுட்டுவிடும், ஆகவே எல்லோரும் அதற்குள் கீழே இறங்கிவிட வேண்டும் என்பது சட்டம். சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் தண்ணீர் தெளித்தான். இரண்டு நிமிஷத்தில் வடகம் ஒவ்வொன்றாகத் துணியை விட்டுக் கழன்று வந்தது. அதைப் பார்த்து அவன் முகத்தில் வந்த ஆச்சரியத்தைச் சொல்லி முடியாது. அப்புறம் இன்னும் இரண்டு நாள் தட்டில் காய்ச்சல். ஒடித்தால் 'டக்' என்று சத்தம் வர வேண்டும், வளைந்தால் ஈரம் இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் மாடியிலிருந்து "டக் வந்துருச்சு பாட்டி!" என்று கத்தினான். ஊருக்குப் போகும்போது டப்பாவில் எடுத்துப் போனான். அங்கே அவன் அப்பாவிடம் "இது நான் போட்டது" என்று சொல்லித்தான் பொரிக்கக் கொடுத்தானாம்.

இதில் எனக்கு வேலை மிச்சமாயிற்றா என்றால், இல்லை. நானே செய்திருந்தால் அரை மணியில் முடிந்திருக்கும். முதல் இரண்டு வாரம் பிள்ளைகளோடு செய்கிற எந்த வேலையும் இரட்டிப்பு நேரம் எடுக்கும். காலை 7 மணிக்கு ஆபீஸ் கிளம்புகிற அவசரத்தில் இதை ஆரம்பிக்காதீர்கள். உங்கள் இருவரில் ஒருவருக்கு லீவு கிடைக்கிற நாளில் ஆரம்பியுங்கள்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். இயல்பாகவே பிள்ளைகளுக்கு உதவுகிற குணம் உண்டு. 2006ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் ஃபெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் டோமசெல்லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒன்றரை வயதுக் குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். துணி காயப்போடும் ஆள் கிளிப்பைத் தவறவிட்டு எட்டாமல் தடுமாறினால், யாரும் சொல்லாமலே குழந்தைகள் தத்தித் தத்திப் போய் எடுத்துக் கொடுத்தன. இரண்டு வருஷம் கழித்து இன்னொரு சோதனை. உதவியதற்கு ஒவ்வொரு முறையும் பரிசு வாங்கிப் பழகிய குழந்தைகள், பரிசு நின்றதும் மற்றவர்களைவிடக் குறைவாகவே உதவின. பாராட்டு மட்டும் பெற்றவர்களும் ஒன்றுமே பெறாதவர்களும் தொடர்ந்து உதவினார்கள். உங்கள் பையன் ஐந்தாம் நாள் இருபது கேட்டதில் அவன் தப்பு ஒன்றுமில்லை. நாம்தான் அதைக் கூலி வேலை ஆக்கினோம்.

பத்து ரூபாயை நிறுத்துங்கள், ஆனால் காரணம் சொல்லி நிறுத்துங்கள். "வீட்டு வேலைக்கு எனக்கும் அப்பாவுக்கும் பாட்டிக்கும் யாரும் கூலி தருவதில்லை. நீயும் இந்த வீட்டு ஆள்" என்று நேராகச் சொன்னால் 11 வயதுக்குப் புரியும். கைச்செலவுக்குப் பணம் கொடுக்கிற பழக்கம் இருந்தால் அது தனியாக நடக்கட்டும், வேலையோடு முடிச்சுப் போடாதீர்கள். காம்பவுண்டுச் சுவருக்கு வெள்ளையடிப்பது போல, எப்படியும் வெளி ஆளுக்குப் பணம் கொடுத்துச் செய்யப் போகிற வேலையில் அவன் துணைக்கு நின்றால், அதற்குக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சுண்ணாம்பு கலக்குவதில் மட்டும் அவன் கை படக் கூடாது, கண்ணில் பட்டால் ஆபத்து.

மாமியார் விஷயம். நானும் மாமியார் என்பதால் சொல்கிறேன், அவரோடு வாதம் செய்து பலனில்லை. அவர் வளர்ந்த காலம் அப்படி. வழி ஒன்று இருக்கிறது: அவரையே வாத்தியார் ஆக்குங்கள். "தென்னை ஓலையில் ஈர்க்கு கீறி விளக்குமாறு கட்ட எனக்குச் சரியா வராது அத்தை, நீங்கதான் இவனுக்குச் சொல்லித் தரணும்" என்று கேட்டுப் பாருங்கள். ஓலையைக் கீறி ஈர்க்கை உரித்து எடுப்பதற்குக் கூரில்லாத சின்னக் கத்தி போதும், 11 வயதுக்குப் பெரியவர் பக்கத்தில் இருந்தால் கொடுக்கலாம். எட்டு வயதுக்காரி ஈர்க்குகளை நீளம் பார்த்து அடுக்கி, அடிப்பக்கத்தைத் தரையில் தட்டிச் சமமாக்கிக் கட்டட்டும். தான் கட்டிய விளக்குமாற்றைப் பேரன் கையில் எடுத்துக் கூட்டுவதைப் பாட்டி தடுக்க மாட்டார், பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

ஆனால் இதில் உங்கள் மனசு உறுதியாக இருக்க வேண்டும். 2019ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 6 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 100க்கு 81 பேர் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறார்கள், ஆண்களில் 26 பேர்தான் என்று வந்தது. செய்கிறவர்களிலும் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம். என் வகுப்பில் ஒரு பெண் தினமும் முதல் பீரியட் முடிந்துதான் வருவாள். தண்ணீர் பிடித்து, தம்பிக்குச் சோறு கட்டிக் கொடுத்து, பாத்திரம் விளக்கிவிட்டு வர வேண்டும். அதே தம்பி அதே பள்ளியில் மணி அடிப்பதற்கு முன்பே வந்து விளையாடிக்கொண்டிருப்பான். எட்டாம் வகுப்போடு அவள் நின்றுவிட்டாள். வேலை பழக்குவது வேறு, பிள்ளையை வேலைக்கு வைப்பது வேறு என்று நான் ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் சொல்வதற்கு அவள்தான் காரணம். உங்கள் வீட்டில் வாசல் பெருக்குவது பெண்ணுக்கு, கடைக்குப் போவது பையனுக்கு என்று தானாகவே பிரிந்துவிடும். வாரா வாரம் மாற்றுங்கள். சாப்பிட்ட தட்டை அவரவர் கழுவுவதில் மட்டும் மாற்றம் கிடையாது, உங்கள் கணவர் உட்பட.

கொல்லை வேலைக்குச் சாமான் முக்கியம். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். தண்ணீர் ஊற்றுவது, துடைப்பது, பெருக்குவது இவற்றைச் சிறு பிள்ளைகளின் பாடத்திலேயே வைத்தவர் அவர். அதற்காகப் பிள்ளைகள் கைக்கு அடக்கமான குடுவை, துடைப்பம், மேஜை எல்லாம் செய்ய வைத்தார். நம் வீடுகளில் பெரிய மண்வெட்டியையும் பெரிய வாளியையும் கொடுத்துவிட்டு, பிள்ளை சளைத்துப் போனால் திட்டுகிறோம். 10 லிட்டர் வாளி நிறையத் தண்ணீர் என்றால் 10 கிலோவுக்கு மேல். 8 வயதுப் பெண்ணின் எடையே 22, 23 கிலோ இருக்கும். அரை வாளிக்கு மேல் தூக்க வேண்டாம். சின்னக் களைக்கொத்து ஒன்று, அவர்கள் உயரத்துக்குக் கட்டிய விளக்குமாறு, காது வைத்த கூடை, இவ்வளவு போதும்.

கூட்டிய சருகைக் கொளுத்தவே கொளுத்தாதீர்கள். புகை பிள்ளைகளின் மூச்சுக்கு ஆகாது, நல்ல உரமும் வீணாகிறது. தென்னையைச் சுற்றி ஆறடி வட்டத்துக்குப் பாத்தி கட்டி, வேப்பஞ்சருகையும் காய்ந்த ஓலையையும் அதில் பரப்பினால் ஈரம் காயாது. தேங்காய் மட்டை இருந்தால் நார்ப்பக்கம் கீழேயும் முதுகுப்பக்கம் மேலேயுமாகக் கவிழ்த்து அடுக்கச் சொல்லுங்கள். பையனை இரண்டு தென்னையில் ஒன்றுக்கு மூடாக்குப் போட்டுவிட்டு மற்றொன்றைச் சும்மா விடச் சொல்லி, மூன்று நாள் கழித்து இரண்டு பாத்தியிலும் விரலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே எவ்வளவு சொன்னாலும் வராத நம்பிக்கை அந்த ஈரத்தைத் தொட்டதும் வரும். அப்புறம் இரண்டாவது தென்னைக்கும் அவனே சருகு அள்ளிப் போடுவான்.

பெண்ணுக்கு நான் கொடுக்கச் சொல்வது கொசுப்புழு வேலை. டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு வீட்டைச் சுற்றித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும். வாரம் ஒரு நாள் எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டால் அது வளர வழியில்லை. பூந்தொட்டித் தட்டு, பயன்படுத்தாத ஆட்டுக்கல் குழி, கொட்டாங்கச்சி, பழைய டயர், ஃபிரிட்ஜ் பின்னால் இருக்கிற தட்டு, இத்தனை இடமும் அவள் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு ஞாயிறு காலையில் ஒவ்வொன்றாக டிக் போடட்டும். ஃபிரிட்ஜ் தட்டை மட்டும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெரியவர்கள் எடுத்துக் கொடுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏனென்றால் முட்டை பாத்திரத்தின் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடந்து தண்ணீர் பட்டதும் பொரியும். ஒரு கண்ணாடி டம்ளரில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டுங்கள். புழு நெளிந்து நெளிந்து மேலே வந்து மூச்சுவிடுவதைப் பார்த்த பிள்ளை, அடுத்த ஞாயிறு நீங்கள் சொல்லாமலே போய்ப் பார்க்கும்.

கத்திரி வெயில் காலம் இது. மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை போகும். கொல்லை வேலையெல்லாம் காலை எட்டுக்குள், இல்லை சாயங்காலம் ஐந்துக்கு மேல். நடுப்பகலில் வீட்டுக்குள் செய்கிற வேலை இருக்கவே இருக்கிறது: புளி கொட்டை எடுப்பது, வெங்காயம் உரிப்பது, துணி மடிப்பது. வேலைக்கு முன்னும் பின்னும் நீர்மோர் கொடுங்கள். தலைவலி, குமட்டல் என்று சொன்னால் சாக்கு என்று நினைக்காமல் உடனே நிழலுக்குக் கூட்டி வந்து ஈரத்துணியால் உடம்பைத் துடையுங்கள். கல் குவியலிலும் விறகு அடுக்கிலும் தேள், பூரான், பாம்பு அண்டியிருக்கும். கையை விடுவதற்கு முன் குச்சியால் தட்ட வேண்டும், கல்லைப் புரட்டுவது பெரியவர்கள் வேலை, செருப்பில்லாமல் கொல்லைக்குப் போகக் கூடாது. இந்த மூன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஏதாவது கடித்துவிட்டால் கட்டுப் போடுவதும் கீறி விடுவதும் வேண்டாம், கடிபட்ட இடத்தை அசைக்காமல் வைத்து 108 கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

நேரத்தைக் கடிகாரத்தில் கட்டாமல் இன்னொரு வேலையில் கட்டுங்கள். "ஆறரைக்குக் கூட்டு" என்றால் தினம் ஒரு வாக்குவாதம். "பால் குடித்ததும் மரத்தடி, மரத்தடி முடிந்ததும் குளியல், குளித்ததும் இட்லி" என்று ஒரு சங்கிலி போட்டுவிட்டால் ஒன்று அடுத்ததை இழுத்துக்கொண்டு வரும். புழுதியோடு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடுகிற இட்லிக்கு ருசி தனி. போனும் அந்தச் சங்கிலியில் இட்லிக்கு அப்புறம் வரட்டும்.

மறப்பார்கள். நிச்சயம் மறப்பார்கள். செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டால் நீங்கள் ஓடிப்போய் ஊற்றிவிடாதீர்கள். ஒரு நாள் வாடினால் செடி செத்துவிடாது. "தண்ணி ஊத்தினியா?" என்று கேட்பதற்குப் பதில் "செம்பருத்தி எப்படி இருக்கு, போய்ப் பார்த்துட்டு வா" என்று சொல்லுங்கள். முதல் கேள்விக்குப் பொய் சொல்லலாம், இரண்டாவதற்குப் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். இலை தொங்கியிருப்பதைப் பார்த்தால் பிள்ளைக்குத் தானே உறைக்கும். அன்று சாயங்காலம் ஊற்றி, மறுநாள் காலை இலை நிமிர்ந்திருப்பதையும் அதுவே பார்க்கட்டும்.

எல்லாவற்றையும்விட நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான்: அவர்கள் செய்ததை அவர்கள் கண்ணெதிரே திரும்பச் செய்யாதீர்கள். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் சொன்னான், "நான் துணி மடிச்சா அம்மா பிரிச்சுத் திரும்ப மடிப்பாங்க டீச்சர். அப்புறம் நான் எதுக்கு?" அவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. என் வீட்டிலும் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். மூலையில் நாலு சருகு மிச்சம் இருந்தால் இருக்கட்டும். அது ரொம்ப உறுத்தினால், மறுநாள் வேலை தொடங்கும்போது "நேத்து அந்த மூலை விட்டுப்போச்சு, இன்னைக்கு அங்கிருந்து ஆரம்பி" என்று சொல்லுங்கள். முடித்தவுடன் குறை சொன்னால் செய்தது முழுவதும் கசந்துவிடும்.

சரி, எங்கே தொடங்குவது? இன்று ராத்திரியே மாமியாரிடம் விளக்குமாறு பற்றிப் பேசுங்கள். நாளைக் காலையில் பிள்ளைகளைக் கொல்லைக்குக் கூட்டிப் போய், எந்த இடம் யாருக்கு என்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு பொறுப்பு போதும், இரண்டு வாரம் கழித்து இரண்டாவது. அதோடு விதைக் கடையில் சிறுகீரை விதை ஒரு பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள். கீரை விதை கடுகைவிடச் சிறியது, அப்படியே தூவினால் ஒரே இடத்தில் குவியும். நாலு பங்கு மணலோடு கலந்து தூவி, மேலே லேசாக மண் போட்டு, மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலால் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். எறும்பு விதையை இழுத்துப் போகும், சுற்றிலும் கொஞ்சம் சாம்பல் போடலாம். உச்சி வெயிலுக்கு ஒரு கீற்றைச் சாய்த்து நிழல் கொடுங்கள். நாலைந்து நாளில் முளைக்கும், 25 நாளில் பறிக்கலாம். இந்த வாரம் தூவினால் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஒரு நாள் கூட்டுக்கு ஆகும்.